மந்திரிக்கு ஒரு புள்ளடி

நெடுந்தீவில் மாடுகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு மாட்டின் தொடையிலும் சுட்டுப் போட்ட ஒரு குறி இருக்கும். ஒரு வீட்டு மாட்டுக்குப் பிறைநிலா. இன்னொரு வீட்டு மாட்டுக்குத் தூண்டில். நிருஜாவின் அப்பா சிவகரனுடைய மாட்டுக்கு ஏணி. மாடு எந்த வெளியில் மேய்ந்தாலும், பார்த்தவர்கள் அது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

தரம் ஆறில் படிக்கும் நிருஜா ஒருநாள் இதைப் பற்றி நெடுநேரம் யோசித்தாள். அன்று சொல்வதெழுதலில் அவளுக்கு இருபதுக்கு ஆறு கிடைத்திருந்தது. இப்படிப்பட்ட நாட்களில்தான் மனிதருக்குப் பெரிய பெரிய யோசனைகள் வரும்.

“ஒரு ஏணியைக் கீறினால் போதும். ‘இது சிவகரன் வீட்டு மாடு, ஒருத்தரும் கலைக்காதேங்கோ’ எண்டு முழு ஊருக்கும் விளங்குது,” என்று அவள் தன் மச்சாள் கம்சிகாவிடம் சொன்னாள். “பிறகேன் எங்களுக்கு இந்த இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும்? எல்லாத்தையும் படமாக் கீறினால் பிழையே வராது.”

கம்சிகா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். வாசிக்க மட்டும் ஓர் எழுத்தும் தெரியாது. ஆகவே இந்த யோசனை அவளுக்கு உடனே பிடித்துப் போயிற்று.

அன்றே இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். அடுப்படியில் கரிக்கட்டி இருந்தது. படலைக்குப் பக்கத்தில் வெள்ளையடித்த மதில் இருந்தது. வேறென்ன வேண்டும்?

மீன் கீறினால், ‘சாப்பாடு ஆயத்தம், ஓடி வா’. வாளி கீறினால், ‘கிணற்றடிக்குக் குளிக்க வா’. கொழுத்த அடியும் குட்டைக் கிளைகளுமாக ஒரு மரம் கீறினால், ‘பெருக்கு மரத்தடியில் நிற்கிறேன்’. ஒரு கிழமைக்குள் இருவரும் மதிலிலேயே குடும்பம் நடத்தினார்கள். ஒரு தடவைகூடப் பிழை வரவில்லை.

“இனிப் பள்ளிக்கூடத்திலையும் இதைத்தான் படிப்பிக்கோணும்,” என்று நிருஜா இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தாள்.

கம்சிகாவின் அப்பா அரியநாயகம் மாமா சிரித்தார். அவர் நிருஜாவின் அம்மாவுக்கு அண்ணன். நல்ல மனிதர். ஊருக்கு வந்த நாள் முதல் அயலிலுள்ள நாய்களெல்லாம் அவர் பின்னால்தான் திரிந்தன. அவருடைய அன்பு அப்படி என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உங்கட ரெண்டு பேருக்கும் விளங்கினால் காணுமோ?” என்று மாமா கேட்டார். “ஊருக்கு விளங்கோணுமெல்லோ.”

“ஊருக்கும் விளங்கும் மாமா.”

“அப்பிடியெண்டால் பந்தயம். நாளைக்கு விடிஞ்சதிலையிருந்து பொழுது படும்வரைக்கும் நீர் வாய் திறக்கக் கூடாது. எழுத்து எழுதக் கூடாது. தலை ஆட்டிறது, கை காட்டிறது, கூத்தாடிறது ஒண்டும் கூடாது. படம் மட்டும். வெண்டால் அந்தச் சைக்கிள் உமக்கு.”

நிருஜாவின் கையிலிருந்த புட்டு தட்டில் விழுந்தது.

அந்தச் சைக்கிளை மாமா கம்சிகா ஓடுவதற்காக யாழ்ப்பாணத்தில் வாங்கி, படகில் ஏற்றிக்கொண்டு வந்தவர். நீல நிறம். மணி அடித்தால் குயில் வெட்கப்படும். நிருஜாவின் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வெயிலில் நடந்தால் தலை புகையும். மாமா பிரான்சுக்குப் போனதும் அது நாரந்தனையிலிருக்கும் சுஜிதனுக்கு என்று ஏற்கெனவே பேச்சு. சுஜிதன் சித்தியின் மகன். அவனிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது. உலகத்தில் நீதி எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

“தோத்தால்?” என்று கம்சிகா கேட்டாள்.

“தோத்தால் சைக்கிள் நாரந்தனைக்கு,” என்றார் மாமா. “வாக்கு வாக்குத்தான்.”

மறுநாள் காலை கம்சிகாவும் மாமியும் முதல் படகில் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அதற்கடுத்த நாள் அவர்கள் மூவரும் பிரான்சுக்குப் பயணம். கோயிலுக்குப் போக அதைவிட்டால் வேறு நாள் இல்லை.

“நான் இல்லாமல் சமாளிப்பியோ?” என்று கம்சிகா கேட்டாள்.

நிருஜா வாயை இறுக்க மூடிக்கொண்டு மதிலில் ஒரு சிங்கம் கீறினாள். கம்சிகா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கும்.

முதல் சோதனை குசினியில் வந்தது. நிருஜாவுக்கு வெறுந்தேத்தண்ணி வேண்டும். பால் விட்டால் அவளுக்குக் குமட்டும். அவள் ஒரு பழைய அட்டையில் ஆவி பறக்கும் கோப்பை ஒன்றைக் கீறினாள். அம்மாவுக்கு உடனே விளங்கியது. பால் வேண்டாம் என்பதற்கு, பக்கத்தில் ஒரு பசுவைக் கீறி, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தாள்.

அம்மா அட்டையைப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

“எங்கட மாட்டிலை ஆரோ புதுக் குறி சுட்டுப்போட்டாங்களோ?” என்றவள் அகப்பையும் கையுமாக மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள்.

மாட்டின் தொடையில் பழைய ஏணி மட்டும்தான் இருந்தது. அம்மா திரும்பி வந்து மூச்சு வாங்கினாள். பிறகு, “பசு கீறினால் பால்தானே. அதை முதலே விளங்கப்படுத்தக் கூடாதோ,” என்று சொல்லி, கோப்பை நிறையப் பால் விட்டாள். நிருஜா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். சைக்கிளுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அந்த நேரத்தில்தான் அப்பா வெளியிலிருந்து வந்தார்.

“நடராசா அண்ணையோட கதைச்சிட்டன்,” என்றார். “நாளைக்கு அத்தான் ஆக்கள் பயணமெல்லோ. இண்டைக்கு இரவு ஒரு நல்ல சாப்பாடு குடுக்கோணும். மந்திரியைப் பங்கு போடுவம். பின்னேரம்தான் அவருக்குக் கை ஓயுமாம். வாறன் எண்டு சொன்னவர்.”

பங்கு தெரியும்தானே? ஓர் ஆட்டை அறுத்து, இறைச்சியைப் பனையோலையில் சமமாகக் கூறு போட்டு, அயலவர்கள் ஆளுக்கொரு பங்கு எடுத்துப்போவார்கள். நடராசா அண்ணை பிரித்தால் ஒரு கூறுக்கும் மற்றக் கூறுக்கும் ஓர் எலும்பு வித்தியாசம் வராது.

எல்லாம் சரி. ஆனால் மந்திரியையா?

மந்திரி நிருஜாவின் கிடாய். அது பிறந்த மூன்றாம் நாளே தாய் ஆடு செத்துப்போயிற்று. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நிருஜாதான். இப்போது அதற்குத் தாடி முளைத்துவிட்டது. கழுத்தை நிமிர்த்தி, யாரையும் கணக்கெடுக்காமல், வழியில் கண்டதையெல்லாம் தின்றுகொண்டு நடக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

“ஏன் சிவகரன் உங்களுக்கு வீண் கரைச்சல்,” என்று மாமா மெல்ல இழுத்தார். “சும்மா மீனோ மரக்கறியோ…”

“நல்ல கதை அண்ணை,” என்றாள் அம்மா. “அவ்வளவு தூரத்திலையிருந்து வந்திட்டு, என்ரை கையாலை ஒரு ஆட்டிறைச்சிக் கறி சாப்பிடாமல் போறதோ? ஊர் என்ன சொல்லும்?”

மாமா தொண்டையைச் செருமினார். பிறகு, “சரி, உங்கட விருப்பம்,” என்றார்.

நிருஜாவுக்கு வாய் தானாகத் திறந்தது. அப்போது முற்றத்தில் நீலச் சைக்கிள் வெயிலில் மினுங்கியது. வாய் மூடிக்கொண்டது.

‘அவசரப்படக் கூடாது,’ என்று அவள் தனக்குள் சொன்னாள். ‘பின்னேரத்துக்கு எவ்வளவு நேரம் கிடக்கு. எங்கட எழுத்திலையே சொன்னால் மந்திரியும் தப்பும், சைக்கிளும் வரும்.’

கரிக்கட்டியை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனாள். ஓர் ஆடு கீறினாள். தாடியும் வைத்தாள், வேறு ஆடென்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. பக்கத்தில் பெரிய பானை. பிறகு இரண்டின்மேலும் குறுக்கே பெரிய கோடுகள் இரண்டு. ரீச்சர் பிழைக்குப் போடுவாரே, அதே மாதிரி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

தெருவில் சின்னாச்சியம்மா வந்தார். அயல் வீட்டுக்காரர். ஊரில் எது நடந்தாலும் நடப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும். மதிலைப் பார்த்ததும் நின்றார். கண்ணைச் சுருக்கினார்.

“ஆடு. பானை. அதிலை புள்ளடி போட்டுக் கிடக்கு.” அவருடைய முகம் மலர்ந்தது. “ஓகோ. எலெக்சனிலை நாங்கள் விரும்பின ஆளுக்கு முன்னாலை போடுற புள்ளடி. அப்ப எல்லாரும் மந்திரிக்கு வோட்டுப் போட்டாச்சோ? எனக்கும் ஒரு பங்கு சொல்லிவிடு பிள்ளை. நெஞ்செலும்பும் சேர்த்து.”

நிருஜா தலையை ஆட்டப் போனாள். ஆட்டக் கூடாது என்பது ஞாபகம் வந்து, கழுத்து பாதியில் நின்றது.

சின்னாச்சியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெரு முழுக்கச் செய்தியைச் சொல்லிக்கொண்டே போனார். மாட்டில் போட்டால் குறி, சின்னாச்சியம்மா பார்த்தால் வோட்டு, ரீச்சர் போட்டால் பிழை. இந்தப் புள்ளடியை நம்பிப் பயனில்லை என்று நிருஜாவுக்குத் தெரிந்துவிட்டது. ஈரத்துணியால் மதிலைத் துடைத்தாள்.

இரண்டாவது படத்தில் புள்ளடியே இல்லை. பானை ஒரு மூலையில். ஆடு மற்ற மூலையில், பானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு காலில் பாய்கிறது. ஆடு பானைக்குள் போகவில்லை. இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

அப்பா படலையைத் திறந்துகொண்டு வந்தவர், படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“ஐயோ, கிடாய் கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிட்டுதோ?”

ஓடிப்போய்ப் பார்த்தார். மந்திரி வேப்பமரத்தடியில் அம்மாவின் சீலைத் தலைப்பொன்றை மென்றுகொண்டு நின்றது. “நல்லவேளை, முந்திச் சொன்னாய்,” என்று அப்பா நிருஜாவின் தலையைத் தடவினார். பிறகு தடித்த கயிறொன்றை எடுத்து மந்திரியை இரண்டாம் கட்டும் கட்டினார்.

மந்திரி நிருஜாவைப் பார்த்தது. நிருஜா வேறு பக்கம் பார்த்தாள்.

மூன்றாவது படத்தில் தன்னையே கீறினாள். இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளை ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் நடுவில் பெரிதாக ஓர் இதயம். செங்கல் துண்டால் தேய்த்து அதைச் சிவப்பாக்கினாள். மாமாவைச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மதிலுக்கு முன்னால் நிறுத்தினாள். இழுக்கக் கூடாது என்று பந்தயத்தில் இல்லைதானே.

மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அவர் மனம் உருகிவிட்டது.

“பிரியா,” என்று தங்கையைக் கூப்பிட்டார். “இஞ்சை வந்து பார். பிள்ளைக்கு ஆட்டிலை எவ்வளவு ஆசை.”

அம்மா சிவந்த இதயத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஈரல் கேக்கிறாள்,” என்றாள். “ஈரலை ஒருத்தருக்கும் குடாமல் உனக்கே வறுத்துத் தாறன் பிள்ளை. இதுக்குப் போய்ச் செங்கல்லை உரசிச் சட்டையெல்லாம் ஊத்தை.”

நிருஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழக் கூடாது என்றும் பந்தயத்தில் இல்லை. ஆனால் அம்மா அப்போது ஒரு சுளகு நிறைய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “வெங்காயத்துக்குக் கிட்ட நிக்காதை. கண் எரியும்,” என்று மட்டும் சொன்னாள்.

நிருஜா பெருக்கு மரத்தடியில் போயிருந்து யோசித்தாள். கம்சிகா இருந்திருந்தால் ஒரே பார்வையில் விளங்கிக்கொண்டிருப்பாள். மீனைக் கண்டால் சாப்பாடு என்று அவளுக்கு எப்படி விளங்கியது? இருவரும் முதலே வாயால் பேசி வைத்திருந்தார்கள். மாட்டுக் குறியும் அப்படித்தான். யாருடைய மாடு என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. ‘இந்த மாடு நேற்று ஏன் வீட்டுக்கு வரவில்லை?’ என்று கேட்டால் ஏணி என்ன சொல்லும்?

இருந்தாலும் கடைசியாக ஒரு யோசனை வந்தது. காலத்தைக் கீறினால் என்ன? மந்திரி இன்றைக்கும் உயிரோடு இருக்க வேண்டும், நாளைக்கும் இருக்க வேண்டும், தாடி நரைத்த பிறகும் இருக்க வேண்டும்.

மதிலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கீறினாள். ஒரு சூரியன், ஓர் ஆடு. இன்னொரு சூரியன், இன்னும் கொஞ்சம் பெரிய ஆடு. மூன்றாவது சூரியனுக்குக் கீழே நீண்ட தாடியோடு ஒரு கிழட்டு ஆடு.

சின்னாச்சியம்மா இரண்டாம் தரம் வந்தார். விரலை நீட்டி எண்ணினார்.

“மூண்டு ஆடோ?” என்றார். “அதுதானே பார்த்தன். ஒரு ஆடு எங்கை காணும். பொறு, புளியங்கூடலிலையிருந்து வந்து நிக்கிற என்ரை மருமகனுக்கும் சொல்லிப்போட்டு வாறன்.”

பின்னேரமானது. முற்றத்தில் நிற்க இடமில்லை. பையோடு வந்தவர்கள், ஓலைப் பெட்டியோடு வந்தவர்கள், ஒன்றும் கொண்டுவராமல் வாழையிலை கேட்டவர்கள். “மூண்டு ஆடு எண்டு கேள்விப்பட்டம்,” என்றார்கள். அப்பா, “ஒண்டுதான், ஒண்டுதான்,” என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய தொண்டை கட்டிவிட்டது.

படலை திறந்தது. நடராசா அண்ணை வந்தார். கையில் சாக்கில் சுற்றிய கத்தி.

பனையோலைகளை விரித்தார். சேட்டுக் கையை மடித்தார். வானத்தைப் பார்த்தார். சூரியன் பனையின் உச்சிக்கு மேலே ஆறுதலாக நின்றது. அதற்கு ஓர் அவசரமும் இல்லை.

“பொழுதுபட முந்தி முடிச்சிடலாம்,” என்றார்.

நிருஜா மந்திரிக்கு முன்னால் நின்றாள். கையிலிருந்த கரிக்கட்டி சுண்டு விரலளவுக்குத் தேய்ந்துவிட்டது. அவளுக்கு எதையும் கீறத் தெரியும். ஆட்டைக் கீறுவாள். கத்தியைக் கீறுவாள். நடராசா அண்ணையின் மீசையைக்கூடக் கீறுவாள். ஆனால் நடக்கக் கூடாத ஒன்றை எப்படிக் கீறுவது? கீறினால் அது நடக்கிற மாதிரியே இருக்கிறது.

“பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லும்,” என்றார் நடராசா அண்ணை அன்பாக. “அந்தக் கயித்தை இஞ்சை தாரும்.”

நிருஜா சைக்கிளைப் பார்த்தாள். அது வேலியோரம் சாய்ந்து நின்றது. எவ்வளவு நீலம். மந்திரியைப் பார்த்தாள். அது அவளுடைய பாவாடை நுனியை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது. வேறு ஒரு கவலையும் அதற்கு இல்லை.

“வேண்டாம்,” என்றாள் நிருஜா.

விடியற்காலையிலிருந்து மூடிக் கிடந்த வாய். குரல் கரகரவென்று வந்தது. முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மந்திரியை வெட்ட வேண்டாம். எனக்கு ஈரல் வேண்டாம். அது புள்ளடி இல்லை, வெட்ட வேண்டாம் எண்டதுதான். அது ஓடேல்லை, ஓடிப் போகட்டும் எண்டதுதான். மூண்டு ஆடு இல்லை, ஒரே ஆடுதான், கிழடாகும்வரைக்கும் இருக்கட்டும் எண்டதுதான். காலமை பால்தேத்தண்ணியும் வேண்டாம் எண்டுதான் சொன்னனான்.” ஒரே மூச்சில் சொல்லி முடித்தவள், மூக்கை உறிஞ்சினாள். “எனக்கு மந்திரியிலை சரியான விருப்பம்.”

அம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“பிள்ளை, நீர் கதைச்சிட்டீர்,” என்றார் மாமா மெதுவாக. “பொழுது இன்னும் படேல்லை.”

“தெரியும் மாமா.”

“சைக்கிள் நாரந்தனைக்குப் போயிடும்.”

“போகட்டும் மாமா.” சைக்கிள் நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை.

மாமா கதிரையிலிருந்து எழுந்தார். தங்கையைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். பையோடு நின்ற ஊரைப் பார்த்தார். அவருடைய நெற்றி வியர்த்தது.

“எனக்கும் வேண்டாம்,” என்றார்.

“என்ன அண்ணை வேண்டாம்?” என்றாள் அம்மா.

“ஆட்டிறைச்சி. ரெண்டு வருசமாத் தொடேல்லை. கொலஸ்ரரோல். கண்ணாலையும் பாக்கக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்.”

“பிறகு, வந்த நாளிலையிருந்து எல்லா வீட்டிலையும் விருந்து சாப்பிட்டனீங்கள்?”

“சாப்பிட்டது நானில்லை,” என்றார் மாமா. “கதிரைக்குக் கீழை போட்டிடுவன்.”

எல்லோரும் கதிரையின் கீழே பார்த்தார்கள். அங்கே அயலிலுள்ள நாய்கள் மூன்று, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தன. நாளுக்கு நாள் கொழுத்துப் போயிருந்தன. அம்மா இவ்வளவு நாளும் பெருமை பேசிய அன்பின் காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

“வாய் திறந்து சொல்லியிருக்கலாமே அண்ணை. உங்களுக்குப் பந்தயம் ஒண்டும் இல்லையே,” என்றாள் அம்மா.

“நீ இவ்வளவு ஆசையாக் கேக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது? வாய் வரேல்லை. இந்தப் பிள்ளை சொன்னாப் பிறகுதான் எனக்கும் சொல்ல வந்தது.” மாமா நிருஜாவைப் பார்த்தார். பிறகு வெட்கத்தோடு சொன்னார்: “எனக்கு உண்மையாச் சாப்பிட ஆசை எண்டால், எங்கட பனங்கிழங்கு மாவிலை நண்டும் மரவள்ளியும் போட்டு உறைப்பாக் காய்ச்சிற ஒடியற்கூழ்தான். அங்கை கனவிலையும் கிடைக்காது.”

“அட, இதை முந்தியே சொல்லியிருந்தால் நான் கத்தி தீட்டியிருக்க மாட்டன்,” என்றார் நடராசா அண்ணை. அவருக்குக் கோபமில்லை. ஆனால் தீட்டிய கத்தியைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல், “மரவள்ளிக் கிழங்கு எங்கை கிடக்கு?” என்று கேட்டார்.

பிறகு என்ன? வெறும் பையோடு வந்தவர்கள் வீட்டுக்குப் போய் நிறைந்த பையோடு திரும்பினார்கள். ஒருவர் நண்டு. ஒருவர் இறால். ஒருவர் பயிற்றங்காய். சின்னாச்சியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “நெஞ்செலும்பெண்டு மருமகனுக்குச் சொல்லிப்போட்டனே,” என்று புறுபுறுத்தார். ஆனாலும் பலாக்கொட்டை ஒரு பெட்டி கொண்டுவந்தார். நடராசா அண்ணை மரவள்ளியை வெட்டினார். ஒரு துண்டுக்கும் மற்றத் துண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. இறைச்சிக்கு விரித்த பனையோலைகளைக் கூழ் குடிக்கும் பிளாவாக மடித்தார்கள்.

படகால் வந்த கம்சிகா படலையடியில் நின்றாள். மதிலைப் பார்த்தாள். மூன்று சூரியன், மூன்று ஆடு.

“ஐயோ பாவம்,” என்றாள் உள்ளே வந்ததும். “மந்திரியை வெட்டப் போயினமோ? அது கிழடாகும்வரைக்கும் இருக்கோணும் எண்டு எவ்வளவு வடிவாச் சொல்லியிருக்கிறாய். ஒருத்தருக்கும் விளங்கேல்லையோ?”

நிருஜா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “விளங்கினது உலகத்திலையே உனக்கு மட்டும்தான். நீ கோயிலுக்குப் போயிட்டாய்,” என்றாள்.

கூழ் உறைத்தது. எல்லோருக்கும் மூக்கால் ஓடியது. மாமா நாலு பிளா குடித்தார். கதிரைக்குக் கீழே ஒன்றும் விழவில்லை. நாய்கள் ஏமாந்துபோய்ப் படலையால் வெளியேறின.

அடுத்த நாள் காலை எல்லோரும் இறங்குதுறைக்குப் போனார்கள். சைக்கிளும் வந்தது. மாமா சொன்ன சொல் மாறாதவர். அதைப் படகில் ஏற்றும்போது மணி தட்டுப்பட்டு ஒருமுறை கிணுங்கியது. நிருஜா முகத்தைக் கடல் பக்கம் திருப்பினாள். ‘அந்த இருக்கை சரியான கட்டி. இருந்தால் நோகும்,’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

“இனி உனக்கு எழுதுறதெண்டால்?” என்று கம்சிகா கேட்டாள்.

“நீ எழுத்துப் பழகு. நானும் பழகிறன்,” என்றாள் நிருஜா. “ஆனால் இடைக்கிடை மீனும் கீறு.”

படகு போன பிறகு நிருஜா வீட்டுக்கு வந்தாள். பழைய அட்டைப்பெட்டியொன்றைக் கிழித்தாள். கரிக்கட்டியால் பெரிதாக ஒரே ஒரு சொல் எழுதினாள்: வேண்டாம். எந்த ‘ண’ என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதை நூலில் கட்டி மந்திரியின் கழுத்தில் மாட்டினாள்.

தெருவால் போன சின்னாச்சியம்மா நின்று வாசித்தார். “சரி பிள்ளை, சரி. விளங்குது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் மந்திரி அந்த அட்டையை முழுதாகத் தின்றுவிட்டது.

நிருஜா உள்ளே போய் இன்னோர் அட்டை எடுத்து வந்தாள். இந்த முறை இரண்டு பக்கமும் எழுதினாள்: வெளிப்பக்கம் ஊருக்கு, உட்பக்கம் மந்திரிக்கு.